பைலட்டின் அக்கா

என் தம்பி பைலட் என்று ஆரையம்பதி முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்தான். வாய்க்கொழுப்பு, வேறென்ன? அவன் அவுஸ்திரேலியாவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தான். ஞாயிறுகளில் சின்ன விமானம் ஓட்டப் பழகினான்.

"வானம் வெளிச்சிருந்தா மட்டுந்தான் என்னப் பறக்க விடுவாங்க அக்கா. முகிலுக்குள்ள ஓட்டுறது வேற படிப்பு. அது நான் இன்னும் படிக்கல்ல" என்பான்.

"அத ஊருக்குச் சொல்லாத மனே" என்பேன்.

ஒரு ஞாயிறு, மேலே இருந்து வீடியோ எடுத்து அனுப்புவதாகச் சொன்னான். விடுவேனா நான்? பின்னேரம் பார்க்க வரும்படி அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டேன். பலகாரமும் சுட்டு வைத்தேன். அதற்கு முதல் நாள் சனிக்கிழமை, போனில் கோல் எடுத்தான்.

"நாளைக்குப் பனியா இருக்கும்போல. போகாம விடட்டாக்கா?"

"பனிக்குப் பயந்த பைலட்ட நான் எங்கயும் காணல்ல" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான்.

"சரிக்கா, பாப்பம்" என்றான்.

மறுநாள் அவனோடு வேலை செய்கிறவர்தான் கோல் எடுத்தார். பனிமூட்டத்துக்குள் விமானம் மலையில் மோதிவிட்டதாம். தனியாகத்தான் போயிருக்கிறான்.

என் வீட்டுக்காரர் வாவியில் மீன் பிடிக்கிறவர். மார்கழியில் பனி இறங்கினால் கம்பை ஊன்றி, தோணியை அதில் கட்டிவிட்டு, வெயில் ஏறும்வரை சும்மா இருப்பார். வெறுங்கையோடு வந்த நாளிலும் பயந்தாங்கொள்ளி என்று அவரை நான் கேலி பண்ணியதில்லை. கூடப் பிறந்தவனிடம்தான் என் வாய் நீண்டது.

முப்பத்தோராம் நாள் படையல் வைத்தோம். "பைலட்டாவே போய்ச் சேந்திட்டான் புள்ள" என்று மச்சாள் ஒருத்தி என்னைத் தேற்றினாள். எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ!

"அவன் பைலட் இல்ல! போகாம விடட்டா எண்டு கேட்டவன். நாந்தான் போக வெச்ச!" என்று கத்தினேன்.

ஒருவரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும் எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார்.

சனிக்கிழமையானால் போனைக் கீழே வைக்க மனம் வருவதில்லை. அவன் கோல் வராது என்று தெரியாதா எனக்கு? ஆனாலும் பாழாய்ப்போன ஆசை விடுகிறதா! "போகாம விடட்டாக்கா?" என்று இன்னும் ஒரே ஒரு தரம் அவன் கேட்க வேண்டும். "பனியெல்லாம் போகட்டும், நீ நல்லா நித்திர கொள் மனே" என்று நான் சொல்ல வேண்டும்.