திறந்தவெளிக்கு இரண்டு பூட்டு

எங்கள் தெருமுனையில் ஒரு தேவாலயம் இருக்கிறது. இப்போது நான் குடியிருக்கும் கனடா நகரத்துத் தெருமுனையைச் சொல்கிறேன். அதன் பக்கத்துப் புல்வெளியில் போன வாரம் ஒரு பலகை நட்டார்கள். தேவாலயத்தைப் பெருப்பிக்கப் போகிறார்களாம், அதற்கு நிலத்தின் வகையை மாற்ற வேண்டுமாம், ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு வரலாமாம். மறுநாளே வீட்டுக்கு வீடு 'பசுமையைக் காப்போம்' என்று அட்டைகள் முளைத்துவிட்டன. அந்தப் புல்லில் நாய்களைத் தவிர யாரும் கால் வைத்து நான் கண்டதில்லை. பலகையை வாசித்துவிட்டு நடுத்தெருவில் நின்று சிரித்தேன். மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் யாழ்ப்பாணக் கரையோரத்துச் சிறு நகரசபை ஒன்றில் எழுதுவினைஞன். சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் போவேன். காற்சட்டையில் எண்ணெய் படாமல் கிளிப் மாட்டி, தலைக்கு நிறைய எண்ணெய் வைத்து, நாட்டின் பாதி நிர்வாகம் என் தட்டச்சில்தான் நடக்கிறது என்ற நினைப்போடு போவேன். உண்மையில் நான் அடித்துக்கொடுத்தவை பெரும்பாலும் நாய் லைசென்சுகள்.

நகரசபைக் கந்தோர் யன்னலால் எங்களுக்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது கருவாட்டு மணம். முதல் வாரம் மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. பிறகு பிறகு அந்த மணம் வராத நாளில் பசியே எடுக்காது.

மணம் வந்தது மாதா கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த வெறும் வளவிலிருந்து. சபையின் வரைபடத்தில் அதற்குப் பச்சை மை பூசி 'திறந்தவெளி' என்று எழுதியிருந்தது. பச்சை பூசிய புண்ணியவான் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டான். அங்கே இருந்தது வெள்ளை மணலும் மீன் செதிலும்தான். றோசம்மா அக்கா அங்கே பழைய வலைகளை விரித்துக் கட்டாவும் நெத்தலியும் திருக்கையும் காயப்போடுவார். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. இரண்டு பெண் பிள்ளைகள். அந்த மணல்தான் மூன்று பேருக்கும் சோறு.

அந்த வளவின் வகையை மாற்றி அதில் விழா மண்டபம் கட்ட வேண்டும் என்று கோயில் சபைத் தலைவர் விண்ணப்பம் போட்டார். ஊர் அவரை மூப்பர் என்று கூப்பிடும். கடற்படை கடலை மறித்து, மீன் வருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. ஷெல் எங்கே விழும் என்று தெரியாத ஊரில் மூப்பருக்குக் கலியாண மண்டபம் வேண்டியிருந்தது. பாவம், பங்குச் சுவாமி சின்ன வயசுக்காரர், 'தேவசித்தம்' என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

உடனே எதிரணி ஒன்று புறப்பட்டது. அதற்குத் தலைவர் பக்கத்துச் சிறு ஒழுங்கைக்குள் குடியிருந்த ஒரு பள்ளிக்கூட மாஸ்டர். ஓய்வுபெற்றவர், சுத்த சைவர். வளவைக் கடக்கும்போதெல்லாம் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர், ஒரே இரவில் திறந்தவெளிப் பாதுகாப்புக் கழகம் தொடங்கிவிட்டார்.

"தம்பி, ஒரு ஊருக்குக் காத்தோட்டம் முக்கியம்" என்று என் மேசையடியில் வந்து நின்று கதைத்தார்.

இனித்தான் விசேஷம். யாழ்ப்பாணத்தானுக்கு வேலியில்லாத நிலத்தைக் கண்டால் கை அரிக்கும். ஓர் அங்குல எல்லைக்கு அப்பனும் மகனும் பேரனும் வழக்காடுகிற கூட்டம் நாங்கள். வகை மாறும் முன்பே மூப்பரின் ஆட்கள் கோயில் பக்கமாக வேலிக் கதியால் நட்டு முள்ளுக்கம்பி இழுத்தார்கள். மாஸ்டரின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? திறந்தவெளியைப் பாதுகாக்க மற்ற மூன்று பக்கமும் அவர்கள் வேலி அடைத்தார்கள். போக வர நடுவில் ஒரு படலை. படலைக்கு மூப்பர் ஒரு பூட்டுப் போட, அதன் பக்கத்திலேயே மாஸ்டர் இன்னொரு பூட்டுப் போட்டார். இரண்டு பகுதிக்கும் பரம திருப்தி. றோசம்மா அக்கா மீன் கடகத்தோடு வெளியே நின்றார்.

விசாரணைக்கு வந்தவர் விசேட ஆணையாளர். தேர்ந்தெடுத்த சபை இல்லாதபடியால் எல்லாத் தீர்ப்பும் அவருடையதே. நான் குறிப்பெடுத்தேன். மாஸ்டர் காற்றைப் பற்றிப் பேசினார். மூப்பர் மாதாவின் மகிமையைப் பற்றிப் பேசினார். பிறகு பேச்சு மெல்ல மூக்குக்கு வந்தது.

"வெளியூர்ச் சனம் கலியாணத்துக்கு வந்தால் மூக்கைப் பொத்துது, சேர். வெக்கக்கேடு" என்றார் மூப்பர்.

"அதிலை மூப்பரோடை நான் முழுக்க ஒத்துப்போறன். உந்த நாத்தம் முதலிலை போகவேணும்" என்றார் மாஸ்டர்.

ஆணையாளரின் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி! இரண்டு பகுதியும் ஒத்துப்போகிற ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே. வகை மாற்றம் ஒத்திவைப்பு, வேலி இருந்தபடியே இருக்கும், மீன் காயப்போடுவது மட்டும் இன்றிலிருந்து தடை.

கதவடியில் நின்ற றோசம்மா அக்கா அப்போதுதான் வாய் திறந்தார்.

"ஐயா, உவை ரெண்டு பேரும் ஆறுதலாச் சண்டை பிடிக்கட்டும். நான் இந்த மீனை எங்கை கொண்டுபோய்க் காயப்போடுறது?"

"ஆட்சேபம் இருந்தால் எழுத்திலை தாங்கோ, அம்மா."

"எழுதி முடிய மீன் பழுதாப் போயிடும், ஐயா."

யாரோ சிரித்தார்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. மூப்பரும் மாஸ்டரும் ஒரே தட்டில் கைவைத்தார்கள். எனக்கு அந்தத் தட்டைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. லைசென்சு எழுதுகிறவனுக்கு அவ்வளவு வீரம் ஏது, குறிப்பை மடித்து வைத்தேன்.

அக்கா கொஞ்ச நாள் றோட்டோரத்தில் காயப்போட்டுப் பார்த்தார். பாதி புழுதி, மீதி காகம். ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மன்னார்ப் பக்கம் என்று கேள்வி.

பிறகு பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரம் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் வரிசை. சங்கக்கடை வாசலில் மூப்பரையும் மாஸ்டரையும் முன்னும் பின்னுமாகக் கண்டேன். இருவரும் நன்றாக வற்றிப்போயிருந்தார்கள்.

"தம்பி, வெறும் சோறு இறங்குதில்லை. ஒரு துண்டுக் கருவாட்டுக்கு வழியில்லை. அந்த றோசம்மா எங்கை எண்டு தெரியுமோ?" என்றார் சுத்த சைவரான மாஸ்டர்.

"போகேக்கை ஒருத்தரிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று மூப்பர் மனம் நொந்துகொண்டார். அந்த நோவு உண்மையானது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சந்திக்கு வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு, வாயில் வந்த தூஷணத்தையெல்லாம் காற்றுக்குச் சொன்னேன்.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் ஊரே எழும்பிப் போனது. மூப்பரும் மாஸ்டரும் திரும்பி வரவில்லை. மண்டபம் கடைசிவரை எழும்பவில்லை. யுத்தம் முடிந்து பல வருடங்களின் பின் ஒருமுறை அங்கே போனேன். துறையடிக் கடையில் கருவாடு கேட்டேன். பையன் ஒரு பக்கற்றை எடுத்து நீட்டினான். இறக்குமதி என்றான். கடலைப் பார்த்துக்கொண்டு நின்று, வேறு நாட்டுக் கருவாட்டை வாங்கிப் பிரித்து மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. மூப்பரும் மாஸ்டரும் கேட்டது கிடைத்துவிட்டது.