அண்ணி ஷிப்டில் மட்டும் நிற்கும் மெஷின்

என் அண்ணி எட்டு வருடமாகப் பிளாஸ்டிக் பாட்டில் ஊதும் மெஷினை ஓட்டுகிறார். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பலூன் ஊதுற வேலை" என்று முடித்துவிடுவார். விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகி, அச்சுக்குள் போய், காற்றடித்ததும் ஒரு லிட்டர் பாட்டிலாக வெளியே வரும். முதல்முறை பார்த்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அண்ணியோ அதன் அடியை ஒரு அமுக்கு அமுக்கி, "தொப்பை சரியில்ல" என்று ஓரமாகப் போட்டார். கடையில் தண்ணீர் வாங்கினாலும் அதே அமுக்குதான். கடைக்காரருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

நான் எலக்ட்ரீஷியன். அந்தக் கம்பெனியில் கோளாறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் முதலாளி கூப்பிட்டார்.

"உங்க அண்ணி ஷிப்ட்ல மட்டும் மெஷின் தினமும் அஞ்சாறு தடவை நிக்குது. மத்த ஷிப்ட்ல ஒரு தடவைகூட நிக்கல. இன்னைக்குள்ள காரணத்தக் கண்டுபிடி. இல்லன்னா நாளையிலிருந்து வேற ஆளைப் போட்டுக்கிறேன்."

அண்ணனுக்கு இடுப்பு போய் ஒரு வருடமாகிறது. அண்ணி வேலையில்தான் அந்த வீடு ஓடுகிறது.

எனக்கு மண்டை குடைந்தது. ஒரே மெஷின், ஒரே கரண்ட். அதென்ன ஆள் பார்த்து நிற்பது? வோல்டேஜ் சரி. ஹீட்டர் விளக்குகள் சரி. கம்ப்ரசரும் சரி. ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தேன். மெஷின் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது.

"டீ குடிச்சிட்டு வந்து தேடுங்க தம்பி" என்று அண்ணி சிரித்தார்.

பதினோரு மணிக்கு ஒரு பாட்டில் கோணலாகச் சிக்கியது. அண்ணி முன்கதவைத் திறந்தார், மெஷின் நின்றது. உள்ளே அடைபட்ட காற்று புஸ்ஸென்று வெளியேறி, பிரஷர் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகுதான் பாட்டிலை எடுத்துக் கதவைச் சாத்தி மறுபடி ஓடவிட்டார்.

கதவைத் திறந்தால் நிற்கத்தானே வேண்டும்? அப்படியானால் மற்ற ஷிப்டில் பாட்டிலே சிக்குவதில்லையா? மதியம் ஷிப்ட் மாறும்வரை காத்திருந்தேன். அடுத்து வந்தவர் டூல் அலமாரியில் ஒட்டியிருந்த சின்னக் காந்தத்தைப் பிய்த்தெடுத்து, மெஷின் கதவுக்கான சென்சார் மேல் ஒட்டினார். இனி கதவு திறந்தே கிடந்தாலும் மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். ஓட ஓடக் கையை விட்டுப் பாட்டிலை எடுக்கலாம்.

மூன்று வருடம் முன்பு கதவு கோணிப்போய் மெஷின் சும்மா சும்மா நின்றபோது, சரிசெய்யும்வரை ஓடட்டும் என்று அந்தக் காந்தத்தை ஒட்டியதே நான்தான். கதவைச் சரிசெய்தேன். காந்தத்தை எடுத்துப் போகத் தோன்றவில்லை.

கை கழுவிக்கொண்டிருந்த அண்ணியிடம் ஓடினேன். "இது உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியாம என்ன? நீங்க ஒட்டுனப்ப டார்ச் பிடிச்சதே நான்தானே."

"முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா யார் வச்சதுன்னு கேப்பாரு. அப்புறம் உங்களை உள்ள விடுவாரா?"

ஈரக் கையை விரித்துக் காட்டினார். இடது நடுவிரலில் நகம் இல்லை. எண்ணெய் கொட்டிவிட்டது என்று வீட்டில் எல்லாரையும் நம்பவைத்திருந்த விரல் அது. "கதவு திறந்திருந்துச்சு. அச்சு விரல் நுனியக் கவ்விடுச்சு. அன்னையிலிருந்து என் ஷிப்ட்ல அதக் கழட்டி வச்சிடுவேன். மத்தவங்ககிட்டயும் சொல்லிப் பாத்தேன், யாரும் கேக்கல."

என்மேலேயே எனக்கு அவ்வளவு கோபம். சென்சாரிலிருந்து காந்தத்தைப் பிய்த்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

இப்போது எல்லா ஷிப்டிலும் மெஷின் நிற்கிறது. அண்ணி வேலைக்குப் பங்கமில்லை. என்னைத்தான் கம்பெனி கேட்டுக்குள் விடுவதில்லை.

இரண்டு நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்கே வந்து வாசலில் நின்று திட்டினார்.

"நகம் போனப்பகூட வாயத் தொறக்காம உங்க பொழப்பக் காப்பாத்தி வச்சிருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அதக் கொண்டுபோய்த் தொலைச்சிட்டீங்களே தம்பி!"