நூறு சதவீத அன்பியம்

மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் 'பாமரர்' என்றொரு நாற்காலி உண்டு. டாக்டராகவோ வக்கீலாகவோ இருக்கக் கூடாது என்பதுதான் தகுதி. இத்தனை படித்தும் ஒன்றுமாக ஆகாமல் போனவன் என்ற முறையில் எனக்கு அது எளிதாகக் கிடைத்தது.

அந்த வேலையாகத்தான் முட்டத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போனேன். கதிர்வீச்சுள்ள கருமணல்மேல் வாழ்கிறவர்களின் ரத்தத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஒரு டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் ஊராரிடம் முறையாகப் பேசினாரா, மனமொப்பித்தான் கொடுக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம். மேடையில் ஒரு ஷீல்டு பளபளத்தது.

"அன்பியங்களுக்குள்ள போட்டி சார்," என்றார் டாக்டர் பெருமையாக. பங்கில், அதாவது அந்தக் கோயில் எல்லைக்குள், பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்தால் ஓர் அன்பியம். சேர்ந்து ஜெபிப்பார்கள், பைபிள் வினாடி வினா என்றால் மல்லுக்கு நிற்பார்கள். எல்லா வீட்டிலும் ரத்தம் கொடுக்கும் அன்பியத்துக்கு ஷீல்டு என்றதும் ஊசிக்கு வரிசை கட்டினார்களாம். 'ஈடுபாடு அபாரம்' என்று நானும் மனத்துக்குள் பாதி எழுதிவிட்டேன்.

"ஒருத்தர்கூட மறுக்கலியா?"

பக்கத்தில் நின்ற அன்பியத் தலைவி முந்திக்கொண்டார். "எங்களுக்கு ஒரே ஒரு வீடு பாக்கி சாரே. இப்பம் சரியாவும்." கடைசி வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி, இஞ்ச வா. ஒனக்க ஒருத்தியால நாங்க தோக்கணுமா?"

மண்டபமே திரும்பியது. இளம்பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் மணிக்கட்டைத் தாய் பிடித்திருந்தாள்.

"இவளுக்குக் கலியாணம் ஒறப்பிச்சிருக்கு. ரத்தத்துல என்னமும் கண்டா மாப்பிள வீட்டுக்காரவ வருவாவளா? நீங்க வந்து கெட்டி வைப்பியளா?"

"எங்க பிள்ளையளு குடுக்கலியா? ஒனக்க மவ மட்டும் பொன்னுல செஞ்சதா?"

தலைவி இப்படிக் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். பெண் கையை விடுவித்துக்கொண்டு வந்து நர்ஸின் முன்னால் உட்கார்ந்தாள். சுடிதார் கையைச் சுருட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஷீல்டைப் பார்த்தேன். பாமரன் வாய் திறக்க வேண்டிய இடம் இதுதான். எனக்கோ அடுத்த பஸ் எப்போது என்ற கவலை வந்தது.

"மக்களே, ஒனக்கு இஷ்டமா?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. நர்ஸுக்குக் கேட்டிருக்க வேண்டும், ஊசி நின்றது. பெண் தாயைப் பார்த்தாள், தலைவியைப் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றாள். கையை இறக்கிவிட்டுக்கொண்டே, "இதுவர ஆரும் எனக்கிட்ட கேக்கல்ல."

தலைவி என் பக்கம் வந்தார். "அப்பம் நாங்க குடுத்தது?"

"வேண்டாம்னா விட்டுருவாவன்னு தெரிஞ்சு குடுத்தாத்தான் குடுத்தது. எல்லார்ட்டயும் திரும்பக் கேக்கணும்."

"எல்லார்ட்டயுமா சார்?" டாக்டரின் முகம் வெளுத்தது. மாதக்கணக்கான வேலை. ஆனாலும் ஷீல்டை அவரே இறக்கினார். பஸ் நிறுத்தத்துக்கு நான் தனியாகவே நடந்தேன்.

பிறகு டாக்டர் வீடு வீடாகப் போய்த் தனித்தனியே கேட்டார், நானும் போனேன். பெரும்பாலோர் சம்மதம் மாறவில்லை. தலைவி வீட்டில் மட்டும், நாங்கள் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினார்.

"எங்க வீட்டு ரத்தம் வேண்டாம், எடுத்துக் களஞ்சிருங்க சாரே."

"ஏன்?"

"பேடியும் பயமுமா இருக்கு. எனக்க மூத்தவளுக்கும் மாப்பிள பாக்கோம்லா." ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பிள்ளைக்க அம்மைக்கிட்ட சொல்லிராதுங்க."