நிற்காத தாளத்தில் ஜம்புலிங்கம்

என் அக்கா ஆராயியின் புருஷன் ஜம்புலிங்கம் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை பார்க்கிறார். முகூர்த்த நாட்களில் எங்கள் பேண்டு செட்டில் சாக்ஸபோன் ஊதுவார். பக்கத்தில் நான் டிரம் அடிப்பேன். பயந்த மனுஷர். பாட்டு மனப்பாடமாக இருந்தால்தான் வாயில் வைப்பார். ஊர்வலத்தில் நடுவே மறந்துபோனால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். ஞாபகம் வருகிறவரை நான் சும்மா உருட்டிக்கொண்டிருப்பேன். பதினோரு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

தொண்ணூற்று நாலு தை மாதம் ஒரு கல்யாணத்தில் மாமா ஊதுவதைப் பாண்டிச்சேரி பிரேம்நாத் கேட்டார். கீபோர்டும் ரிதம் மிஷினும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்கள் ஆட மியூசிக் போடுகிறவர்.

"அடுத்த வாரம் வந்து ஊதுங்க," என்றார்.

"என்னா பாட்டுங்க?"

"பாட்டெல்லாம் கெடையாது. மிஷின் தாளம் போட்டுக்கிட்டே இருக்கும். உங்களுக்குத் தோணுறத ஊதுங்க."

மாமா தலையாட்டிவிட்டார். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. "புடிக்கலன்னா ஒரு கார்டு எழுதிப் போட்டுடுங்களேன்," என்றாள் அக்கா. "வரேன்னு சொல்லிட்டனே," என்றவர், என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "தொர, எனக்கு ஒண்ணுமே தோணலன்னா?"

பஸ்ஸில் கூடவே போனேன்.

ஓட்டலில் பிரேம்நாத் மிஷின் பொத்தானை அழுத்தினார். தாளம் நெஞ்சில் வந்து இடித்தது. எங்கள் ஊர்வல நடையைவிட இரண்டு பங்கு வேகம். முப்பது பேருக்கு மேல் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். மாமா சாக்ஸபோனை வாயில் வைத்தபடி நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வெறுங்கையோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அவருக்காகக் காத்திருக்க அந்த மிஷினுக்குத் தெரியாது.

முதல் ஊதலில் கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது. ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். "ஓடிடலாம்னுதான் பாத்தேன், காலு வரல," என்று மாமா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பயத்தில் மூச்சு நீளவில்லை. இரண்டு ஸ்வரம் ஊதினார், நிறுத்தினார். தாளம் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி இரண்டு ஸ்வரம், கொஞ்சம் மாற்றி. அவர் விட்ட இடைவெளியில் ஆடுகிறவர்கள் கைதட்டினார்கள். அப்படியே போகட்டும் என்று பிரேம்நாத் கையைக் காட்டினார். ஒரு மணி நேரம் துண்டு துண்டாக ஊதி முடித்த மாமா, சமையல்கட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "அடுத்த ஞாயித்துக்கெழமயும் வரேன்னு சொல்லிட்டேன்," என்றார்.

"ஏன் மாமா?"

"தெரியலடா. என்னா ஊதுனேன்னும் தெரியல."

மூன்று வருஷம் போனார். போகும் ஒவ்வொரு தடவையும் அதே பயம்.

தொண்ணூற்று ஏழில் பிரேம்நாத் ஒரு புதுப் பெட்டி வாங்கினார். எந்தச் சத்தத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போடும். மாமாவிடம் சொல்லாமலே அவர் ஊதியதில் ஒரு துண்டைப் பிடித்து வைத்திருந்தார். அன்று மாமா வாய் வைப்பதற்கு முன்பே ஸ்பீக்கரிலிருந்து அவருடைய சாக்ஸபோன் கேட்டது. நாலு ஸ்வரம், அப்புறம் மூச்சிழுக்கிற சத்தம். மறுபடி அதே நாலு, அதே மூச்சு.

மாமா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"தொர, அது என் மூச்சுதானே?"

"ஆமாம் மாமா."

"நான் இப்ப மூச்சு வாங்கலயே."

முதல் நாள்கூட அவர் முகம் அவ்வளவு வெளிறிப்போகவில்லை. பிரேம்நாத்திடம் போய், "அத நிறுத்துங்க," என்றார்.

"நல்லா இருக்குதுங்களே. நீங்க வர முடியாத அன்னிக்கும் ஓடும்."

மாமா அப்படியே வெளியே போய்விடுவார் என்று நினைத்து நான் சாக்ஸபோன் பெட்டியைக்கூடத் திறந்து வைத்தேன். அவரோ திரும்பி வந்து பழைய இடத்தில் நின்று ஊதத் தொடங்கினார். பிரேம்நாத்தின் பெட்டி அந்த நாலு ஸ்வரத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. இவர் ஒவ்வொரு தடவையும் வேறொன்று சொன்னார். ஒருமுறை அதற்கு அடியில் நுழைந்தார், ஒருமுறை குறுக்கே வெட்டினார். பெட்டி மூச்சிழுக்கும் நேரம் பார்த்து நீளமாக இழுத்தார். அவ்வளவு நீளமாக அவர் ஊதி நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் போனார். ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்தியதும் பிரேம்நாத் பெங்களூருக்குக் கிளம்பினார். அந்தத் துண்டை அழித்துவிடும்படி மாமா கேட்டுக்கொண்டார். சரி என்று சொன்னாராம். அழித்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது.

போன மாதம் கம்பெனி வாசலில் டீ குடிக்கும்போது, ஊதும்போது வருகிற பயம் போய்விட்டதா என்று மாமாவிடம் கேட்டேன்.

"கொறையவே இல்ல," என்று சொல்லிவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.