நான் ஒப்பித்த எண்

மூன்றாம் வகுப்பில் எனக்குத் தடுமாறாமல் வந்த எண் ஒன்றே ஒன்றுதான், நைனாவின் செல்போன் எண். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பத்து இலக்கங்களையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். விருந்தாளி வந்தால் அம்மா என்னைக் கூப்பிட்டு அதைத்தான் சொல்லச் சொல்வாள். வாய்ப்பாடு கேட்டு மானத்தை வாங்கிக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை.

நைனாவின் தங்கை, என் அத்தை, அப்போது கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தாள். திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் உத்திரமேரூரில் தையல் வகுப்பு என்று சொல்லிக் காலையில் பஸ் ஏறிவிடுவாள். ஒரு புதன்கிழமை எனக்குப் பள்ளி விடுமுறை. நானும் வருவேன் என்று தரையில் புரண்டு அடம்பிடித்ததில் வேறு வழியில்லாமல் அழைத்துப் போனாள். பஸ் உத்திரமேரூர்க் கடைத்தெருவையும் தாண்டிப் போயிற்று. ஏன் இறங்கவில்லை என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து என் வாயில் திணித்தாள்.

எங்கள் ஊர்க்காரர் யாரும் எட்டிப் பார்க்காத தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லி நான் செய்து வைத்தது போதும். அங்கே அத்தை உள்ளே போய், நர்ஸ் கண் முன்னால் மாத்திரை விழுங்கிவிட்டு வரவேண்டும். என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். எதிரே ஒரு கிளார்க், பழைய நோட்டிலிருந்த பெயர்களைப் புது ரிஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, உங்க அத்தை நம்பர்ல ஒம்போதுதான் கீது. ஒண்ணு உட்டுப்போச்சி" என்றார்.

விட்டவர் அவரேதான். அத்தை கொடுத்திருந்தது வாலாஜாபாத்தில் இருந்த தன் தோழியின் எண். வீட்டு எண் வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டு எழுத வைத்தாளாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பத்துத் தப்படி நடந்து அவளையே கேட்டிருக்கலாம். அவர் என்னைக் கேட்டார்.

"உங்க வூட்டு நம்பர் தெரியுமா?"

என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது! எழுந்து நின்று ஒப்பித்தேன். "கெட்டிக்காரி" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என் காதோடு சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்கு வந்தத வூட்ல மூச்சு வுடாத. தையல் கிளாஸ்தான், தெரிதா?" சாமி சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியதில் எனக்கு ரொம்ப நாள் கர்வம் கூட இருந்தது.

அந்தச் சமயத்தில் அத்தைக்குக் கூரத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. அவளுக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை பேச்சை யாராவது எடுத்தால் எழுந்துபோய், கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள். எங்கள் பக்கத்தில் பேச்சு முடிகிறவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கமாட்டார்கள். காபியோடு சரி. சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். இரண்டு முறை காபி குடித்துவிட்டுப் போனவர்கள், மூன்றாம் முறை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கை நனைப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று காலை அத்தை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். "ஒரு நாளு தைக்காட்டி இன்னா, பொண்ணு நீயே இல்லாம யாருக்கு ஆக்கிப்போடறது?" என்று அம்மா பையைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்தாயிற்று. அம்மா சோற்றுக் குண்டானோடு வரும்போது அலமாரியில் நைனாவின் போன் அடித்தது. நைனா கையில் சாம்பார் வாளி. "எடுத்துப் பேசு பாப்பா" என்றார். அவருக்கு ஒரு காது மந்தம். அதனால் போனை எடுத்ததும் முதலில் ஸ்பீக்கரை அழுத்துவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அழுத்தினேன்.

"ஆஸ்பத்திரிலர்ந்து பேசறங்க" என்ற குரல், அத்தையின் பெயரையும் அவள் அப்பா பெயரையும் தெருப் பெயரையும் முழுசாகச் சொல்லியது. "டிபி மாத்திரைக்கு இன்னிக்கி வரல. நடுவுல உட்டா பேஜாராப் பூடும். சாயங்காலத்துக்குள்ள வரச் சொல்லுங்க." பேசுவது யார் என்று அவர் கேட்கவே இல்லை. நைனா வாளியை வைத்துவிட்டுப் பாய்ந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைத் தள்ளி வைத்தார். "அவசர வேல ஒண்ணு கீது. இன்னொரு நாளு வரோம்" என்றார். யாரும் கோபப்படவில்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. கை நனைக்காமல் எழுந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசற்படியில் நின்று ஒருமுறை உள்ளே பார்த்தார். இவ்வளவு பாயசத்தையும் யார் குடிப்பார்கள் என்பதுதான் அப்போது என் கவலை.

அன்று நைனா அத்தையிடம் கேட்டது ஒன்றுதான்: "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா?" கோபமெல்லாம் வேறு பக்கம் திரும்பியது. "எவன் என் நம்பர குடுத்தான்? கைல மாட்டட்டும், தோல உரிச்சிடறேன்." நான் மெல்லப் பின்கட்டுக்கு நழுவினேன்.

மறுநாள் விட்ட மாத்திரையைப் போட அத்தை கிளம்பினாள். தனியாகப் போகவேண்டாம் என்று என்னையும் உடன் அனுப்பினார் நைனா. அத்தை நேராகக் கிளார்க்கிடம் போனாள். வீட்டு எண்ணை யார் கொடுத்தது என்று கேட்டாள். அவர் பேனாவால் என்னைக் காட்டினார்.

"இந்தப் பாப்பாதாம்மா சொல்ச்சி. நானா ஒண்ணும் எழுதல."

நான் அத்தையின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "கொயந்தய கேட்டா சார் எய்துவீங்க?" என்றாள். மாத்திரை போட உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் போன தடவைபோலவே கடலை மிட்டாய் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன், அது பிசுபிசுத்துப் போயிற்று. வாசலிலேயே நைனா நின்றிருந்தார். "இன்னா சொன்னானுங்க? யாரு குடுத்தானாம்?"

"பழைய சீட்டு எதுலயோ இருந்துக்கீதுண்ணா. எடுத்து எய்திட்டாங்க. அவங்க தப்புதான்" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனாள்.

ஆறு மாதத்தில் நோய் அடியோடு போய்விட்டது. கூரத்துக்காரர்கள் வரவில்லை. ஊருக்குள் சேதி பரவியபின் வேறு யாரும் வரவில்லை. நாலு வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஒருவருக்குச் செய்யாறு பக்கம் அவளைக் கட்டிக்கொடுத்தோம். இருமல் என்பதே அவளுக்கு இல்லை இப்போது. நைனா இன்றுவரை அந்தப் பழைய சீட்டைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அண்ணனுக்குப் பயந்துதான் அத்தை பொய் சொன்னாள் என்று அன்று நினைத்தேன். தோல் தப்பிய சந்தோஷத்தில் அந்த மிட்டாயைக் கழுவித் தின்றேன். அவளைப் பற்றி வெளியே போகக்கூடாத ஒன்றை நான் ஊருக்கே கேட்க வைத்திருந்தேன். என்னைப் பற்றிய ஒன்றை அவள் தன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. அது எனக்குப் புரிந்தபோது அவள் செய்யாறுக்குப் போய் வெகு காலமாகியிருந்தது.