சானமாவுக் காட்டில் முடிந்த பாட்டு

“பாடினவங்க செத்துப்போயிட்டா பாட்டு எங்கப்பா இருக்கும்?”

ஆறு வயது மகள் ஸ்வாதி கேட்டபோது மோகன்குமார் சிரித்து மழுப்பிவிட்டார். ஓசூரில் கம்பெனி பஸ் ஓட்டுபவர். சாமிக்குப் பயந்தவர், பொய் சொல்லி யாரையும் பயமுறுத்த அவருக்குத் தெரியாது. நம்ப முடியாதவர்கள் உத்தனப்பள்ளியில் விசாரித்துக்கொள்ளலாம். இது 2004 ஆயுத பூஜையன்று நடந்தது.

அவர் பஸ்ஸில் ஒரு கேசட் கிடந்தது. பிரேம்குமார் பெங்களூரில் பதிவு செய்து வாங்கிவந்தது. அதே கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டும் பையன், உத்தனப்பள்ளிக்காரன். வீட்டில் டேப் இல்லாததால் பஸ்ஸில்தான் கேட்பான். பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு. அதைத் தலைகீழாக ஓட்டினால் பேய் பேசும் என்று உலகமே சொல்கிறதாம்.

“பேய் இங்கிலீஷ் பேசினா நமக்கென்னப்பா? மேனேஜர் பேசறதையே தலையாட்டிக் கேக்கறோம்,” என்பார் ஃபிட்டர் பூபதி.

பிரேம்குமார் சொல்லும் அர்த்தம் வேறு. “பேயெல்லாம் இல்லண்ணா. ஒருத்தன் வாசல்ல நின்னு கதவைத் தட்டறான். திறந்தாங்களா இல்லையான்னு கடைசியிலதான் வருதாம்.”

அந்தக் கடைசியை அவன் கேட்டதே இல்லை. சானமாவுக் காடு தொடங்கியதும் டிரைவர்கள் பாட்டை நிறுத்திவிடுவார்கள். யானை நடமாடும் இடம். ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டி முழுசாகப் போடுவதாக மோகன்குமார் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆயுத பூஜையன்று ஸ்வாதியையும் கம்பெனிக்குக் கூட்டிப்போயிருந்தார். பிரேம்குமார் வரவில்லை. திரும்பும்போது பஸ் முகப்பில் இரண்டு வாழைக்கன்றுகள். தொரப்பள்ளியில் இறங்கிய பூபதி, யானைக்கும் பொரி கடலை உண்டா என்று கேலி செய்தார். அவிழ்த்துவிட நினைத்த மோகன்குமார் மறந்துபோனார்.

மாலை ஆறே முக்கால். பஸ்ஸில் அப்பாவும் மகளும் மட்டும். காடு வந்தது. பாட்டை நிறுத்தினார்.

வளைவில் இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினார்...

இடப்பக்கம் மூங்கில் முறிந்தது. மட்... மடார்... வாழை வாசனைக்கு யானை வருகிறது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இறங்கி அவிழ்க்க வேண்டும். இறங்காமல் ஸ்வாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டேப் தானாகப் பாடத் தொடங்கியது.

நிறுத்தினார். நிற்கவில்லை. கேசட்டை உருவினார்.

கேசட் கையில் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது...

பிறகு டிரம்.

தட்... தட்... தட்...

டிரம் மட்டுமல்ல. பஸ் கதவிலும்.

“பிரேம் மாமாப்பா,” என்றாள் ஸ்வாதி. “கதவைத் திறங்க.”

முருகா... அவர் திறக்கவில்லை.

தட்... தட்...

பிறகு ஓய்ந்தது. முகப்புப் பக்கம் ஏதோ சரசரத்தது. யாரோ எதையோ தரையில் இழுத்துப் போகும் சத்தம். அது தூரம் போகப் போக, அடிக்குரலில் ஒரு வரி. அத்துடன் பாட்டு முடிந்தது.

இன்ஜின் உயிர்பெற்றது.

உத்தனப்பள்ளியில் இறங்கிப் பார்த்தார். முகப்பில் வாழை இல்லை. கயிறு தொங்கியது. அறுபடவில்லை. முடிச்சுகள் பொறுமையாக அவிழ்க்கப்பட்டிருந்தன.

பிரேம்குமார் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மதியம் அதே வளைவில் லாரி மோதி இறந்துவிட்டான்.

மறுநாள் காட்டுக்குள், ரோட்டை விட்டு வெகுதூரத்தில், தின்று போட்ட வாழைமட்டை கிடந்தது. சுற்றிலும் யானைக் கால்தடங்கள்.

கேசட்டையும் போட்டுப் பார்த்தார். டிரம் தொடங்குவதற்கு முன்பே நாடா தீர்ந்து, க்ளக் என்று நின்றது. மறுபக்கம் வெறும் இரைச்சல். அந்தக் கடைசிப் பகுதி அதில் பதிவாகவே இல்லை.

காரியம் முடிந்ததும் ஓசூரில் தேடி முழுப் பாட்டுள்ள கேசட் வாங்கினார். பட்டப்பகலில், காலி பஸ்ஸை, காடு தொடங்கும் முன் ஓரங்கட்டினார். முழுசாகப் போட்டார். டிரம் வந்தது.

எழுந்து போய்க் கதவைத் திறந்துவைத்தார்.

பாட்டு முடியும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு மெல்லச் சாத்தினார்.