ஆயில் குடிக்கும் வண்டி

போன திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒரு மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. குற்றவாளி - எங்கள் பிக்கப் வண்டி. நீதிபதி - என் கணவர்.

"சனிக்கிழமை சாந்த்ராகாச்சிலேர்ந்து ஒருத்தன் வர்றான். பழைய வண்டி எடுக்குறவன். பிடிச்சா அப்பவே ஓட்டிட்டுப் போயிடுவான்" என்றார், இட்லியைப் பிட்டபடி.

கொல்கத்தா பெஹாலாவில் எங்களுக்கு மாவு வியாபாரம் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு - அரைப்பது அவர், அதைப் பற்றி எழுதுவது நான். இட்லி மாவு வாளிகளை டாலிகஞ்ச் கடைகளுக்கும் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் சுமப்பது இந்த வண்டிதான். மீட்டரில் மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர். இன்ஜினை ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை. அந்தப் பெருமை நிமாய்க்கு உரியது. பதினோரு வருஷமாக அவர்தான் டிரைவர். கிளட்ச்சில் காலை வைத்தபடி ஓட்ட மாட்டார், சூடு ஏறுவதற்கு முன் விரட்ட மாட்டார், ஆயில் மாற்றும் தேதியை யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட வண்டி ஜூன் மாதத்திலிருந்து ஆயில் குடிக்க ஆரம்பித்தது. வாரம் ஒரு லிட்டர்! பின்னால் நீலப் புகை வேறு. டாலிகஞ்ச் சிக்னலில் ஆட்டோக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமாயைப் பார்த்துச் சிரிப்பார்களாம்.

ஆயில் எங்கே போகிறது? ஒழுகுகிறதா என்று பார்க்க, ராத்திரி முழுக்க வண்டிக்கடியில் அட்டையை விரித்து வைத்தோம். ஒரு சொட்டு இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிறதா? அதுவும் சுத்தமாக இருந்தது. "அப்ப உள்ளேயே எரியுது. பிஸ்டன் ரிங் போயிருக்கும். இன்ஜினை இறக்கணும்" என்றார் தெருமுனை மெக்கானிக். அவரைக் குறை சொல்ல முடியாது. 'ஆயில் இறங்குதா?' என்று கேட்டார். 'ஆமாம்' என்று சொன்னது நாங்கள்.

இன்ஜினை இறக்கினால் துர்கா பூஜை சீசனில் வண்டி இருக்காது. அதனால்தான் விற்பது என்று முடிவு. அதன்பிறகு மாவைக் கொண்டுபோக ஒரு டெம்போ கம்பெனியோடு பேச்சு. வண்டி அவர்களுடையது. டிரைவரும் அவர்களுடையவர்.

அப்படியானால் நிமாய்?

"வேற எங்கயாவது பார்த்துக்குவான். நல்ல டிரைவருக்கா வேலை இல்லை?" என்றார் என் கணவர். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். ஐம்பத்து மூன்று வயதில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்? அன்று சாயங்காலம் நிமாய் வண்டியைச் சோப்பு போட்டுக் கழுவினார். விற்கப்போகிற வண்டியை!

மறுநாள் குவார்ட்டர்ஸில் ஒரு தோழியைப் பார்க்க வேண்டியிருந்ததால் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். வாளிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, ரயில்வே யார்டு ஓரத்து மைதானத்தில் வண்டியை நிறுத்தி நிழலில் டீ குடித்தோம். மறுபடி கிளம்பும்போது, தண்ணீர் பார்க்க நிமாய் பானெட்டைத் திறந்தார்.

"நிமாய், அந்த ஆயில் அளக்கிற குச்சியை எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன். எழுதுகிறவளுக்கு எதிலாவது மூக்கை நுழைக்காவிட்டால் தூக்கம் வராது.

குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். அப்படியே நின்றார்.

"என்ன?"

"பௌதி... காலையில கீழ்க்கோட்டுக்கும் கீழ இருந்துச்சு. தாதா அரை லிட்டர் ஊத்தினாரு. இப்போ பாருங்க, மேல்கோட்டைத் தாண்டி ரெண்டு விரல் நிக்குது. அரை லிட்டருக்கு இவ்வளவு ஏறாது." என்னை அண்ணி என்றும் என் கணவரை அண்ணன் என்றும் வங்காளத்தில் அழைப்பவர், மற்றதையெல்லாம் எங்கள் தமிழில்தான் பேசுவார்.

ஓடின வண்டியில் ஆயில் எப்படி ஏறும்? இரண்டு பேரும் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நிமாய் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இங்க தரை சமமா இருக்கு."

பெஹாலாவில் மழைக்காலம் என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் பெய்தால் தெரு குளம். போன வருஷம் தண்ணீர் இன்ஜின்வரை வந்ததில் பயந்துபோன என் கணவர், இந்த ஜூனில் ஓர் உத்தரவு போட்டார். வண்டியை வீட்டு வாசல் சரிவில் ஏற்றி, மூக்கு மேலே இருக்கும்படிதான் நிறுத்த வேண்டும். நல்ல உத்தரவுதான். ஆனால், தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து ஆயில் பார்ப்பதும் அவரே. அந்தச் சரிவிலேயே!

எங்கள் வண்டியில் குச்சி இன்ஜினின் முன்பக்கம். மூக்கு மேலே நின்றால் ஆயில் பின்னால் ஓடிவிடும். குச்சியில் குறைவாகத் தெரியும். அவர் ஊற்றுவார். தேவைக்கு மேல் நிறைந்த ஆயிலை இன்ஜின் கடைந்து, மூச்சுக் குழாய் வழியாக மேலே தள்ளி, எரித்துப் புகையாக விடும். மூன்று நாலு நாளில் மறுபடி குறைவு. மறுபடி அரை லிட்டர்... வண்டி குடிக்கவில்லை ஐயா, நாங்கள் புகட்டிக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியிலேயே மெக்கானிக்கிடம் அதிகப்படி ஆயிலை வடித்தோம். விஷயத்தைக் கேட்ட என் கணவர், "அப்படியெல்லாம் இருக்காது" என்று எழுந்து போய்விட்டார். புதன், வியாழன், வெள்ளி - மூன்று நாளும் ஒரே பெட்ரோல் பங்க்கில், சமதரையில், இன்ஜின் ஆறிய பிறகு நிமாய் அளந்தார். ஆயில் மட்டம் இறங்கியதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை புகையும் போயிற்று. 'இப்போதைக்கு இன்ஜினைத் தொட வேண்டாம்' என்றார் மெக்கானிக். இந்த வயதில் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும், நாமே மாத்திரை விழுங்கவில்லையா?

சனிக்கிழமை சாந்த்ராகாச்சிக்காரர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். "ஆயில் குடிக்கிறதாகச் சொன்னீர்களே?" என்று வங்காளத்தில் கேட்டார்.

என் கணவர் தொண்டையைச் செருமினார். பக்கத்தில் நிமாய், கையில் சாவியோடு நின்றிருந்தார். கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று அவருக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

"வண்டியில் குறை இல்லை. டிரைவரிடமும் இல்லை. தப்பாக அளந்தது நான்தான். விற்பதாக இல்லை" என்றார் என் கணவர், சுத்தமான வங்காளத்தில்.

நிமாய் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாளிகளை ஏற்றப் போனார். வந்தவருக்கு நான் தோசை வார்த்துக் கொடுத்து அனுப்பினேன்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். 'தப்பு என்னுடையது' என்று அவர் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை... தமிழில் எப்போது கேட்பேனோ!